எடைச் சீட்டின் பின்பக்கம்

ஆயிரத்து எழுநூற்று நாற்பது வெள்ளி.
தீபாவளி போனஸ், சீட்டில் எடுத்தது,
கிட்டாரை ஹஃபிஸிடம் தள்ளிவிட்டது
எல்லாம் சேர்த்து.
இதில் இருநூறு கார் சாலைவரிக்கு என்று
நேற்றுவரை எழுதி வைத்திருந்தேன்.
இன்று அதன்மேல் ஒரு கோடு.

ஊத்தான் மெலிந்தாங்கில் செம்பனை மில்,
எடைமேடையில் இரவு ஷிப்ட்.
லாரி ஏறும். திரையில் எண் நடுங்கி நிற்கும்.
பழத்தைக் கொட்டிவிட்டு மறுபடி ஏறும், மறுபடி ஓர் எண்.
பெரியதில் சிறியது போனால் மிச்சம் பழம்.
ஒன்பது வருடமாக எனக்கு வாய்த்த கணக்கு இதுதான்.
அதையே கெட்டுப்போன சீட்டின் பின்பக்கத்தில்
போட்டுப் பார்க்கிறேன்.

சின்தசைசர், புதியது, குட்டிக் கட்டைகள் முப்பத்தேழு,
ஒரே நேரத்தில் நாலு குரல்:
ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு.
சாம்ப்ளர், பழையது, பதினாறு ரப்பர் கட்டங்கள்,
அதில் ஒன்று செத்தது: எழுநூற்று ஐம்பது.
ஒற்றைக் குரல் சின்தசைசர், அதுவும் பழையது:
எண்ணூற்று எண்பது.
பழைய இரண்டையும் எடுத்தால் நூற்றுப்பத்து மிஞ்சும்,
வயர், அடாப்டர், பெட்ரோல்.
சோற்றுக்கு மாதக் கடைசி இருக்கிறது.

கம்ப்யூட்டரிலேயே எல்லாம் வருமே என்கிறார்கள்.
பத்து மணிநேரம் திரையைப் பார்த்த கண்
திருகக் கேட்கிறது, பார்க்கக் கேட்கவில்லை.

யுகேந்திரன் சொன்னான்:
சாம்ப்ளர் எடுங்கக்கா.
சங்கு, நீராவி, குலை விழுற சத்தம்,
எல்லாத்தையும் புடிச்சுப் போடுங்க.
எஸ்டேட் இசைன்னு பேர் கிடைக்கும்.

தம்பி,
அந்தச் சத்தத்துக்கு நான் சம்பளம் வாங்குகிறவள்.
காசு கொடுத்து வேறு வாங்கணுமா?

இந்த ஊரில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆள் உண்டு.
ரொட்டிக்காரர் ஹார்ன், சூராவ் ஒலிபெருக்கி,
ஆடி மாத உறுமி,
சீனர் சாவு வீட்டுத் தாளம்,
கேட்டதும் யாருடையது என்று தெரிந்துவிடும்.
எனக்கு
ஆள் இல்லாத ஒன்று வேண்டும்.

சனிக்கிழமை தெலுக் இந்தான்,
டயர் கடைக்கு மேல்மாடி.
விற்பவர் சியா, பள்ளி ஆசிரியர்.
வீட்டில் தொட்டில் வந்துவிட்டதால் மேசைக்கு இடமில்லை.
ஒற்றைக் குரலில் ஃபில்டர் திருகு காணோம்.
அந்த இடத்தில் பற்பசை மூடி.
இரண்டு கட்டையை அழுத்தினேன்,
பிந்தி அழுத்தியது மட்டும் பேசியது.
எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.
மூடியை மெல்லத் திருப்ப
போர்வைக்குள்ளிருந்து முகம் நீட்டுவதுபோல்
ஒரு சுரம் வெளியே வந்தது,
வந்துகொண்டே இருந்தது.

சாம்ப்ளரையும் தட்டினேன்.
பதினைந்து கட்டங்களில் பதினைந்து விதமாய் ஏதோ இருந்தது.
செத்த கட்டத்தில் என்ன இருந்தது என்றேன்.
மறந்துவிட்டது என்றார்.
படியிறங்கும்போதும் அதே நினைப்பு.

எண்ணூற்று நாற்பதுக்குப் பேசி
ஒன்றை மட்டும் எடுத்துவந்தேன்.
சாலைவரியை மறுபடி எழுதிவைத்தேன், அடித்த கோட்டுக்குக் கீழேயே.

இரவு இரண்டரை.
பேட்டரியில் ஓடுகிறது, வயிற்றில் காசளவு ஸ்பீக்கர்.
ரொபியுலின் லாரி ஏறுகிறது.
எண் நடுங்குகிற வேகத்துக்குச்
சுரத்தையும் நடுங்கவைக்கலாமா என்று
பற்பசை மூடியை இங்கும் அங்கும் ஆட்டுகிறேன்.
எண் நின்றுவிட்டது. இது நிற்கவில்லை.

ரொபியுல் எஞ்சினை அணைத்தார்,
காது கொடுத்தார்.
'ரோசாக் கா?' என்று தனக்கே கேட்டபடி
கீழே குதித்து
டயர் டயராகக் குனிந்து பார்க்கிறார்.

திரையில் எழுபது கிலோ குறைந்தது.

ஏறுங்கள், சீட்டு அடிக்கணும் என்று
ஒரு கையால் காட்டுகிறேன்.
மற்றது இன்னும்
கட்டையில்.